கம்பிக்குள் முறுக்கி வைத்த பலம்

சுங்கை காடுட் பக்கம் பழைய கார் ஓட்டுகிறவர்களுக்கு இந்தச் சத்தம் பழக்கம். தாமானை விட்டு, செம்பனை லோரிகள் குழியாக்கிவிட்ட தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கியதும் முன்சக்கரத்துக்கு மேலே 'டொக்' என்று ஒரு தட்டு. நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால், எதுவோ வழுக்கித் துள்ளுகிற ஓசை. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். பெரும்பாலும் அடிச்சுற்றில்தான்.

ஏன் அடிச்சுற்று? ஸ்பிரிங்கை அமுக்கும்போது அது குட்டையாவதுதான் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பிக்குள் நடப்பது வேறு. சுற்றுகள் நெருங்க நெருங்க, கம்பி தன் நீளம் முழுவதும் முறுக்கிக்கொள்கிறது. ஈரத்துணியைப் பிழிகிற அதே முறுக்கு, விரல் தடிமன் எஃகுக்குள். முறுக்கப்படும் கம்பியின் நடுமையத்தில் அழுத்தமே இல்லை; தோலில்தான் அத்தனையும். அதனால் தோலில் விழும் கடுகளவு துருக்குழியும் விரிசலுக்கு வாசலாகிறது. கீழ்த்தட்டில் செம்மண் சேறு தேங்கி, கல் பட்டு பெயிண்ட் உரிந்து, நம் ஊர் மழையில் நனைந்துகொண்டே இருப்பது அந்த அடிச்சுற்று. ஒவ்வொரு குழியிலும் விரிசல் ஒரு மயிரிழை நகர்கிறது. ஒருநாள் முறிகிறது.

மாற்றுவது என்று முடிவெடுத்தால் இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உங்கள் காருக்கு உரிய ஸ்பிரிங்கைத்தான் வாங்க வேண்டும். கம்பியின் தடிமன் 12 மில்லிமீட்டருக்குப் பதில் 13 ஆனால், மற்ற அளவுகள் மாறாவிட்டாலும் விறைப்பு 38 சதவீதம் கூடிவிடும். காரைத் தாழ்த்துவதற்காகச் சுற்றை வெட்டுகிற பிள்ளைகளும் இதைக் கேட்க வேண்டும்: சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைக்கிறது, வெட்டுகிற சூடு எஃகின் பதத்தைக் கெடுக்கிறது.

1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகா தொடங்கி மைவி வரை, முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒரே தூணாக நிற்கின்றன. ஏர்ல் மெக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் யோசனை இது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1947-இல் அவருடைய சிறிய கார்த் திட்டத்தைக் கைவிட்டதும் அவர் போர்டுக்குப் போனார். 1950-இல் இங்கிலாந்தில் அறிமுகமான போர்டு கான்சலில் இந்தத் தூண் இருந்தது. இடத்தையும் செலவையும் மிச்சப்படுத்துகிற அருமையான ஏற்பாடு. ஆனால் சக்கரத்தைக் கழற்றி, தூணை வெளியே எடுத்துத் தரையில் கிடத்திய பிறகும் அதில் ஸ்பிரிங் அமுங்கியே இருக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உச்சியில் உள்ள ஒற்றை நட்.

எவ்வளவு பலம்? ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங் என்று கொள்வோம். அமுக்கத்துக்கு ஏற்பப் பலமும் ஒரே விகிதத்தில் கூடும் என்று ராபர்ட் ஹூக் 1678-இலேயே எழுதிவைத்தார். அதன்படி 15 சென்டிமீட்டர் அமுங்கினால் 300 கிலோ. அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல், இரண்டேகால் மீட்டர் உயரத்திலிருந்து விழும் 10 கிலோ அரிசிப் பையின் ஆற்றல். அமுக்கத்தை இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்காமல் உச்சி நட்டைத் திறந்தால் இத்தனையும் கண் இமைக்கும் நேரத்தில் முகத்துக்கு நேரே வெளிவரும்.

அதைத் தடுக்கும் கருவி ஸ்பிரிங் கம்ப்ரெஸர். மரை போட்ட இரண்டு நீளத் தண்டுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு கொக்கிகள். பார்க்க எளிமை, ஆனால் 2 மில்லிமீட்டர் மரையை 25 சென்டிமீட்டர் ஸ்பானரால் ஒரு சுற்றுச் சுற்றும்போது உங்கள் கை ஒன்றரை மீட்டருக்கு மேல் பயணிக்கிறது, கொக்கி 2 மில்லிமீட்டர் நகர்கிறது. கையின் சிறு பலம் பன்மடங்காவது இப்படித்தான். இதில் என்னை வியக்க வைப்பது உராய்வு. பலத்தில் பெரும்பங்கை அது தின்றுவிடுகிறது. ஆனால் கையை எடுத்தாலும் நட் தானாகப் பின்னால் சுழலாமல் நிற்பதற்கும் அதே உராய்வுதான் காரணம்.

ஆகவே கடையில் பார்க்க வேண்டியவை: கொக்கியின் வளைவு உங்கள் கம்பியின் தடிமனுக்குப் பொருந்துகிறதா, கொக்கி நழுவாமல் தடுக்கும் பூட்டுப் பின் உண்டா, தாங்கும் எடை குறித்திருக்கிறதா, மரை சிராய்ப்பில்லாமல் இருக்கிறதா. பூட்டுப் பின் இல்லாததை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மரைக்கு கிரீஸ் தடவுங்கள். இரண்டு தண்டுகளையும் எதிரெதிரே மாட்டி, மாறி மாறிச் சில சுற்றுகளாக, கை ஸ்பானரால் மட்டும் இறுக்குங்கள். இம்பேக்ட் கன் வைத்தால் மரை சூடேறி அரைபட்டுப் போகும். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து ஆடுகிறதா என்று பார்த்த பிறகே உச்சி நட்டைத் தொடலாம். அப்போதும் தண்டின் நேர்மேலே தலையை வைக்கக் கூடாது.

ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கையை விடாதீர்கள். ஜேக் ஸ்டாண்டு கட்டாயம். மழைக்குப் பிந்திய செம்மண் தரை ஸ்டாண்டின் காலை விழுங்கும். அங்கே செய்யாமல், சிமெண்டுத் தரையில் செய்யுங்கள்.

மைவியின் பின்பக்கத்தில் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் தனித்தனி. அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, அச்சை ஜேக்கால் மெல்ல இறக்கினாலே பெரும்பாலும் ஸ்பிரிங் தளர்ந்து வந்துவிடும்.

முன்பக்கத்துக்குக் கொக்கி சரியாக உட்காரவில்லையா? தூணை மட்டும் கழற்றிக்கொண்டு, சுவரில் பொருத்திய பெரிய கம்ப்ரெஸர் உள்ள பட்டறைக்குப் போங்கள். போமன் அங்கே ஸ்பிரிங்கை மாற்றித் தருவார். பூட்டும் வேலையை வீட்டில் முடித்துக்கொண்டு, பிறகு அலைன்மெண்ட் பார்த்துவிடுங்கள்.