மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் உஷார்!

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது அமராவதிபுதூர். கவிஞர் கண்ணதாசன் சிறு வயதில் படித்த ஊர் அது.

செட்டிநாட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்கப் போன காலம் ஒன்று இருந்தது. அப்போது வீட்டைக் கட்டிக் காத்தவர்கள் பெண்களே. வரவு, செலவு, வட்டி, சீர் எல்லாம் ஆச்சிமார்களுக்கு மனப்பாடம்.

ஆனால் ஒரு கணக்கை மட்டும் பெரும்பாலான பெண்கள் எந்த ஊரிலும் குறித்து வைப்பது இல்லை. அது, மாதவிலக்கு கடைசியாக வந்த தேதி!

அந்தத் தேதி உயிரையே காப்பாற்றும். எப்படி?

டாக்டர் சொல்லும் வார்த்தை

"இவங்க போஸ்ட் மெனோபாஸ்" என்று டாக்டர் நர்சிடம் சொல்வதைச் சிலர் கேட்டிருக்கலாம். ஏதோ நோயின் பெயர் என்று பயந்திருக்கலாம்.

அது நோய் அல்ல. ஒரு பருவத்தின் பெயர்.

கிரேக்க மொழியில் "மேன்" என்றால் மாதம். "பாசிஸ்" என்றால் நிற்பது. இந்த இரண்டையும் சேர்த்து 1821-ம் ஆண்டில் "மெனோபாஸ்" என்று எழுதியவர் கார்டான் என்ற பிரெஞ்சு டாக்டர். "போஸ்ட்" என்றால் பிறகு. அதாவது, மாதவிலக்கு நின்ற பிறகு உள்ள காலம்.

நம் பழைய நூல்கள் பெண்ணுக்கு ஏழு பருவங்களைச் சொல்கின்றன. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்பவை அவை. பேரிளம்பெண்ணுக்கு வயது 40 வரை. அதோடு பட்டியல் முடிந்துவிடுகிறது!

இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அப்படி நின்ற பெண் 77 வயது வரை வாழ்ந்தால், 30 ஆண்டுகள் அந்தப் பிற்காலத்தில்தான் வாழ்கிறார். பழைய பட்டியலில் இல்லாத அந்த எட்டாவது பருவத்துக்குத்தான் டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

12 மாதக் கணக்கு

மூன்று மாதம் வரவில்லை என்றால் "நின்றுவிட்டது" என்று சொல்லிவிட முடியாது.

வேறு காரணம் இல்லாமல், தொடர்ந்து 12 மாதம் வராமல் இருக்க வேண்டும். அப்போதுதான் நின்றது என்று அர்த்தம். எட்டு மாதம் வராமல் இருந்து, ஒன்பதாவது மாதம் வந்துவிட்டால்? பழைய கணக்கு செல்லாது. மறுபடியும் ஒன்றில் இருந்து எண்ண வேண்டும்.

அந்த 12 மாதம் முடியும் முன்பு கர்ப்பம் தரிக்கவும் இடம் உண்டு. "இனிமேல் என்ன?" என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

மறுபடியும் வந்தால்?

56 வயது ஆச்சி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மாதவிலக்கு நின்று ஆறு ஆண்டு ஆகிவிட்டது. ஒரு நாள் புடவையில் லேசாக ரத்தக் கறை தெரிகிறது.

"உடம்புச் சூடாக இருக்கும்" என்று அவர் வெந்தயம் ஊறவைத்துக் குடிக்கலாம். "மறுபடியும் இளமை திரும்புகிறது" என்று யாராவது கேலி பேசலாம். இந்த வயதில் இதை மருமகளிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு மறைக்கவும் செய்யலாம்.

இது மாதவிலக்கு அல்ல! நின்ற பிறகு மாதவிலக்கு திரும்பி வருவது இல்லை. அந்த ரத்தத்துக்கு வேறு காரணம் இருக்கிறது.

பயந்து நடுங்கவும் வேண்டாம். இப்படி ரத்தம் பட்டு டாக்டரிடம் வருகிற 100 பெண்களில் சுமார் 90 பேருக்குப் புற்றுநோய் இருப்பது இல்லை. உள்தோல் மெலிந்து காய்ந்து போனதாலோ, சிறு சதை வளர்ந்ததாலோ ரத்தம் பட்டிருக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

ஆனால் சுமார் 10 பேருக்குக் கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் இருக்கும். அந்தப் பத்துப் பேரில் தான் இல்லை என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

ஸ்கேனில் உள்சுவரின் கனத்தை அளந்து பார்ப்பார்கள். கனம் அதிகமாக இருந்தால் சிறிது சதை எடுத்துச் சோதிப்பார்கள். இந்த நோய் ஆரம்பத்திலேயே ரத்தத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். உடனே போனால், பெரும்பாலோருக்கு ஆபரேஷனிலேயே குணமாகிவிடுகிறது. மறைத்து வைத்தால்தான் ஆபத்து.

கர்ப்பப்பை எடுத்தவர்கள்

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் மாதவிலக்கு வராது. ஆனாலும் சூலகத்தை விட்டு வைத்திருந்தால், அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். சூலகத்தையும் எடுத்துவிட்டால், அன்று முதலே பிற்காலம் தொடங்கிவிடும். எலும்பு சீக்கிரம் பலவீனம் ஆகும்.

ஆகவே எதை எடுத்தார்கள் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைத் தொலைக்கக் கூடாது.

புதுக்கோட்டை தந்த டாக்டர்

செட்டிநாட்டை அடுத்த புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பெண்கள் படிக்க வெளியே வராத காலத்தில் டாக்டர் ஆனவர். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்தில் முளைத்ததுதான், 1954-ம் ஆண்டு சென்னை அடையாறில் தொடங்கிய புற்றுநோய் ஆஸ்பத்திரி.

இன்று அவ்வளவு தூரம் போய்த்தான் முதல் சோதனை செய்ய வேண்டும் என்பது இல்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள். ஆனால் அதைச் செய்துகொண்டவர்களும், நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அது வேறு; இது வேறு.

டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "நின்று எத்தனை வருஷம் ஆச்சு?" என்பதுதான். பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே அந்தத் தேதியையும் குறித்து வைக்கலாம். ஆண்டு முடிந்து காலண்டரைக் கழற்றும்போது, அந்தத் தேதியைப் புதுக் காலண்டரில் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.