நாடாளுமன்றக் குழு அறிக்கையைத் தேடி எடுப்பது எப்படி?

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஓர் ஆய்வுத் திட்டத்துக்காக 10 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். விடுதியில் தங்கிப் படித்த ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டிய ஒப்புதல் படிவத்தில், ஆந்திரத்தில் பல பிள்ளைகளுக்கு விடுதிக் காப்பாளரோ தலைமையாசிரியரோ கையெழுத்துப் போட்டிருந்தார். இதை விசாரித்து எழுதிவைத்தது நாடாளுமன்றத்தின் சுகாதாரத் துறை நிலைக்குழு. அதன் 72ஆவது அறிக்கை 2013 ஆகஸ்டில் வெளிவந்தது.

அந்த அறிக்கையை நீதிமன்றத்தில் காட்டலாமா என்ற கேள்வி, கல்பனா மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு வரை போனது. 2018 மே 9 அன்று தீர்ப்பு வந்தது. காட்டலாம். ஒரு சட்டப் பிரிவின் பொருளைப் புரிந்துகொள்ள அறிக்கையை நீதிமன்றம் துணையாகக் கொள்ளலாம். ஆனால் அறிக்கை சொன்னது தவறு என்று நீதிமன்றத்தில் அதை எதிர்த்து வாதாட முடியாது. இரு தரப்பும் மறுத்துப் பேசும் ஒரு விஷயத்தை அறிக்கையை மட்டும் வைத்து நிரூபிக்கவும் முடியாது, அதற்குத் தனிச் சான்று வேண்டும்.

அவையில் வைக்கப்பட்ட அறிக்கை யாரும் காசில்லாமல் படிக்கக்கூடிய பொது ஆவணம். வக்கீல்கள் மட்டுமல்ல, நிலம் பறிபோனவரும், சங்கத் தலைவரும், சட்ட மாணவரும் எடுத்துப் படிக்கலாம். கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் தேடுகிற விதம்தான்.

நில எடுப்பையே பார்ப்போம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் ‘நியாயமான இழப்பீட்டுக்கும் வெளிப்படைத்தன்மைக்குமான உரிமை’ என்று தொடங்குகிறது. அந்தப் பெயரைத் தட்டித் தேடினால் குழு அறிக்கை அகப்படாது. குழுவின் முன் போனபோது அதன் பெயர் ‘நில எடுப்பு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு மசோதா, 2011’. ஊரக வளர்ச்சி நிலைக்குழு, சுமித்ரா மகாஜன் தலைமையில், 2012 மே மாதம் அறிக்கை கொடுத்தது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 16 சட்டங்களின்கீழ் எடுக்கும் நிலத்துக்கு மசோதா விலக்குக் கொடுத்திருந்தது. குழு அதை ஏற்கவில்லை. நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியல் 13 ஆகி, நான்காவது அட்டவணையாக நிற்கிறது. அவற்றுக்கும் இழப்பீட்டு விதிகளை நீட்டிக்க 105ஆவது பிரிவில் வழி வைத்தார்கள். நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர் இழப்பீட்டுக்காக நிற்கும்போது, இந்த வரிகள் எங்கிருந்து வந்தன என்பதை அந்த அறிக்கையில் படிக்கலாம்.

எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. நில எடுப்பு பற்றிய அந்த அறிக்கை 31ஆவது அறிக்கை. எந்த 31? மக்களவைச் செயலகத்தின்கீழ் உள்ள குழுக்கள் ஒவ்வொரு மக்களவைக்கும் எண்ணை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். ஆகவே ‘15ஆவது மக்களவை, ஊரக வளர்ச்சிக் குழு, 31ஆவது அறிக்கை’ என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் சரியான தாள் கையில் வரும். மாநிலங்களவைச் செயலகத்தின்கீழ் உள்ள குழுக்களுக்கு அந்தக் கவலை இல்லை, எண் தொடர்ந்து ஓடும். துறைவாரி நிலைக்குழுக்கள் மொத்தம் 24. அவற்றில் 16 மக்களவையிடமும் 8 மாநிலங்களவையிடமும் இருக்கின்றன. சுகாதாரம், உள்துறை, கல்வி, சட்டம் நீதி ஆகியவை மாநிலங்களவைப் பக்கம். எந்தப் பக்கம் என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

தேட வேண்டிய இடங்கள் இரண்டு: ‘சன்சத் டாட் இன்’ தளத்தில் குழுக்களுக்கான பகுதியும், பழைய அறிக்கைகள் கிடைக்கும் நாடாளுமன்ற மின்னூலகமும். பழைய கட்டுரைகளில் கொடுத்த இணைப்பைத் தட்டினால் பல நேரம் வெற்றுப் பக்கம் வரும், தளங்கள் இடம் மாறியதால். அறிக்கை போய்விட்டது என்று விட்டுவிடாதீர்கள். குழுவின் பெயரையும் எண்ணையும் வைத்துப் புதிய தளத்தில் தேடுங்கள். மசோதாக்களை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் தளத்தில் மசோதாவின் பக்கத்துக்குப் போனால் மசோதா, குழு அறிக்கை, நிறைவேறிய சட்டம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். புதிதாகத் தேடுபவர் அங்கிருந்து தொடங்குவதே நல்லது என்பேன்.

அறிக்கையைக் கண்டுபிடித்த பிறகு வருவதுதான் பெரிய ஆபத்து: பரிந்துரையைச் சட்டம் என்று நம்பிவிடுவது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலான பாரதிய நியாய சன்ஹிதா மசோதா 2023 ஆகஸ்டில் அறிமுகமாகி உள்துறை நிலைக்குழுவுக்குப் போனது. 246ஆவது அறிக்கையில், திருமணம் தாண்டிய உறவை ஆண் பெண் இருவருக்கும் பொதுவான குற்றமாக வைக்க வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. சட்டத்தில் அது இடம்பெறவில்லை. அது மட்டுமல்ல, குழு படித்த மசோதாவையே டிசம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டு அரசு புதிய மசோதாவைக் கொண்டுவந்தது. அறிக்கையில் உள்ள பிரிவு எண்ணை அப்படியே மனுவில் எழுதினால் வேறு எதையோ சுட்டும். அறிக்கை, குழு பார்த்த மசோதா, அரசிதழில் வந்த சட்டம் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவின் கதை இன்னும் மோசம். கூட்டுக்குழு 2021 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது, 2022இல் மசோதாவே திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பதிலாக 2023இல் வந்த சட்டம் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அந்தச் சட்டத்துக்கு விளக்கமாகப் பழைய அறிக்கையைக் காட்டுபவர் இந்த இடைவெளியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு அறிக்கை எண் வாங்குபவர்கள் பெருகிவிட்டார்கள். இல்லாத எண்ணையும் இல்லாத பக்கத்தையும் அது தயங்காமல் சொல்லும். இல்லாத தீர்ப்புகளை இப்படி நீதிமன்றத்தில் காட்டிய நியூயார்க் வக்கீல்களுக்கு 2023இல் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கோப்பைத் திறந்து, பக்கத்தைக் கண்ணால் பார்க்காமல் மேற்கோள் காட்டக் கூடாது. இறுதியில் இணைத்திருக்கும் மாற்றுக் கருத்துக் குறிப்புகளையும் பாருங்கள், எதிர்த் தரப்பு அவற்றைத்தான் முதலில் எடுக்கும்.

எங்கு தேடியும் அறிக்கை கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. சட்டமாகும் முன் அந்த மசோதாவே நிலைக்குழுவுக்குப் போனதுதான். சுதர்சன நாச்சியப்பன் தலைமையிலான குழு, மத்திய அரசோடு நிற்காமல் மாநிலங்களையும் சேர்க்கச் சொன்னது. இன்று உங்கள் ஊர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் மனுப் போட முடிகிறதே, அந்த விரிவுதான் காரணம். மக்களவைச் செயலகமும் மாநிலங்களவைச் செயலகமும் தனித்தனிப் பொது அதிகார அமைப்புகள். குழு எந்தப் பக்கமோ அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு, குழுவின் பெயர், மசோதாவின் பெயர், தோராயமான ஆண்டு மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. இன்னும் அவையில் வைக்கப்படாத அறிக்கையை மட்டும் இப்படிக் கேட்டு வாங்க முடியாது. அவை உரிமை மீறல் என்று 8ஆவது பிரிவைக் காட்டி மறுப்பார்கள்.

தமிழ்நாட்டுச் சட்டம் பற்றித் தேடுகிறவர் இதே விவரங்களோடு சட்டமன்றச் செயலகத்தை அணுகலாம். நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா குழுவின் கையில் இருக்கும்போதே அது உங்கள் கண்ணில் பட்டால், கருத்துக் கேட்டு நாளிதழ்களில் வரும் விளம்பரத்தைக் கவனியுங்கள். குறித்த நாளுக்குள் உங்கள் மனுவை எழுதி அனுப்பலாம்.