உங்களுக்குத் தெரியுமா? தாமதமானால் கைவிடு!
வீடியோ அழைப்பில் எதிரே பேசுபவரின் முகம் சில சமயம் கட்டம் கட்டமாகச் சிதறி, மறுநொடியே சரியாகிவிடும். தொலைந்த தரவுப் பொட்டலத்துக்காகக் காத்திராமல் மேலே போனதன் தழும்பு அது. இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி முறையில் ஒரு பொட்டலம் தவறினால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் வாசலிலேயே நிற்கும். மின்னஞ்சலுக்குச் சரி, பேச்சுக்கு ஆகாது. யுடிபி என்ற இன்னொரு முறையோ அனுப்பியதோடு சரி, திரும்பிப் பார்க்காது.

தொலைபேசி இணைப்பகங்களின் சமிக்ஞைக்காக 2000இல் வந்த எஸ்சிடிபி முறை நடுவழி கண்டது. ஒரே இணைப்பில் பல ஓடைகள். ஒன்று அடைத்தாலும் மற்றவை ஓடும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை வேண்டுமா, வேண்டாமா என்பது அனுப்புபவர் விருப்பம். 2004இல் சேர்ந்த நீட்சி, ‘இத்தனை மில்லிநொடிக்குள் போகாவிட்டால் விட்டுவிடு’ என்று சொல்லவும் வழி செய்தது. இன்று உலாவிகளில் நேரடித் தொடர்புக்கான வெப்ஆர்டிசியின் தரவுத் தடத்தில் ஓடுவது எஸ்சிடிபிதான். ஆன்லைன் விளையாட்டில், உங்கள் வீரன் அரை நொடிக்கு முன் நின்ற இடம் தாமதமாக வந்து யாருக்கு என்ன பயன்?