செல்போனில் பூகம்பப் பாடம்! - ஒரு கடற்கரையைக் காப்பாற்றிய வகுப்பறை வீடியோ

2004, டிசம்பர் 26. தாய்லாந்தின் புக்கெட் தீவில் மாய் காவ் கடற்கரை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்காகக் குடும்பத்தோடு வந்திருந்த இங்கிலாந்துச் சிறுமி டில்லி ஸ்மித்துக்கு அப்போது வயது 10. கடல் அன்று வழக்கம்போல இல்லை. அலை வந்து திரும்பாமல், தண்ணீர் மேலே ஏறிக்கொண்டே இருந்தது. நுரை பொங்கியது. சுற்றியிருந்த பெரியவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. டில்லிக்கு மட்டும் பகீரென்றது.

காரணம், இரண்டு வாரத்துக்கு முன்பு புவியியல் வகுப்பில் பார்த்த ஒரு வீடியோ. 1946-ல் ஹவாய் தீவைத் தாக்கிய சுனாமியின் காட்சி அது. சுனாமி வருகிறது என்று சிறுமி பிடிவாதமாகச் சொல்ல, அப்பா காவலாளியிடம் ஓடினார். கடற்கரை காலியானது. சுமார் 100 பேர் பிழைத்தார்கள்.

அதே காலையில் நம் நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் என்ன நடந்தது என்பது தெரிந்ததே. சுமத்ரா அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.28-க்கு. சென்னையிலேயே அந்த அதிர்வை உணர்ந்தவர்கள் உண்டு. அலை இங்கே வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரத்தை என்ன செய்வது என்று அன்று யாருக்கும் தெரியவில்லை.

இன்று அந்த வீடியோவைவிடப் பல மடங்கு நல்ல சாதனங்கள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. பைசா செலவில்லை.

முதலில் பார்க்க வேண்டியது, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையமான யு.எஸ்.ஜி.எஸ். இணையதளத்தின் நிலநடுக்க வரைபடம். உலகில் கடந்த 24 மணி நேரத்தில் எங்கெல்லாம் பூமி அதிர்ந்ததோ, அங்கெல்லாம் ஒரு புள்ளி. பெரிய அதிர்வுக்குப் பெரிய புள்ளி. பிள்ளைகளிடம் எதையும் விளக்காமல் முதலில் புள்ளிகளை மட்டும் பார்க்கச் சொல்லலாம். ஜப்பான், இந்தோனேசியா, சிலி என்று பசிபிக் கடலைச் சுற்றி மணி கோத்ததுபோல வரிசையாக நிற்கும். பிறகு, புவித்தட்டு எல்லைகளைக் காட்டும் வசதியைத் தட்டினால், பெரும்பாலான புள்ளிகள் அந்தக் கோடுகளின் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஆசிரியர் ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியதை அந்த ஒரு தட்டல் சொல்லிவிடும்.

விஞ்ஞானிகளும் ஏறக்குறைய இப்படித்தான் கண்டுபிடித்தார்கள். 1950-களில் மேரி தார்ப் என்ற பெண்மணி அட்லாண்டிக் கடலடியை வரைந்தபோது, நடுவே நீளமான பிளவு ஒன்று தெரிந்தது. 'பெண்பிள்ளைப் பேச்சு' என்று தட்டிக்கழித்தார் உடன் வேலைபார்த்தவர். நிலநடுக்கங்கள் குறிக்கப்பட்ட இன்னொரு படத்தை அதன்மேல் வைத்துப் பார்த்ததும், புள்ளிகள் அப்படியே அந்தப் பிளவில் விழுந்தன!

'ஏன்ஷியன்ட் எர்த்' என்றொரு தளம் இருக்கிறது. ஊர் பெயரைத் தட்டினால், பல கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த இடம் எங்கே இருந்தது என்று காட்டும். மதுரையைத் தட்டி, காலத்தை 6.6 கோடி ஆண்டு பின்னே தள்ளினால், இந்தியா ஆசியாவோடு ஒட்டாமல் கடல் நடுவே தனித்தீவாக மிதக்கும். அது வடக்கே போய் மோதியதால்தான் இமயமலை. இப்போதும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் நகர்கிறது. கிட்டத்தட்ட நம் விரல் நகம் வளரும் வேகம்.

ஒரு எச்சரிக்கை. தட்டுகள் கொதிக்கும் நெருப்புக் குழம்பில் மிதப்பதாகக் காட்டும் வீடியோக்கள் யூடியூபில் ஏராளம். அது தவறு. தட்டுகளுக்குக் கீழே இருப்பதும் பெரும்பாலும் திடமான பாறைதான். கடும் வெப்பத்தில் மிக மிக மெதுவாக நகர்கிறது, அவ்வளவே.

'ரிக்டர் 7-க்கும் 8-க்கும் ஒன்றுதானே வித்தியாசம்' என்று கேட்கும் பிள்ளைக்கு அரிசிக் கணக்கு உதவும். 6 அளவு நிலநடுக்கத்தின் ஆற்றல் ஒரு மூட்டை என்றால், 7 என்பது சுமார் 32 மூட்டை. 8 என்பது 1,000 மூட்டை!

அளவு மட்டும் போதாது, அசைவின் திசையும் முக்கியம். 2012, ஏப்ரல் 11-ல் அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் அதிர்ந்தது. சென்னையில் கடற்கரையை விட்டு மக்கள் ஓடினார்கள். ஆனால், பெரிய சுனாமி வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. 2004-ல் கடலடியே மேலே எழும்பித் தண்ணீரைத் தூக்கியது. வாளித் தண்ணீரில் தட்டை நிமிர்த்திப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்த்தியும், படுக்கவைத்து மேலே தூக்கியும் பார்த்தால் வித்தியாசம் புரிந்துவிடும்.

டேட்டா தீர்ந்தாலும் பாடம் நிற்காது. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' ஆப், போனுக்குள் இருக்கும் அசைவு உணரியைக் கொண்டே அதிர்வை வரைந்து காட்டும். போனை பெஞ்சின் மேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நாலு பேர் குதித்தால் கோடு துள்ளும். தூரம் போகப் போகத் துள்ளல் குறையும். ஆண்ட்ராய்டு போன்கள் தரும் பூகம்ப எச்சரிக்கையின் அடிப்படையும் இதே உணரிதான். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே நேரத்தில் குலுங்கினால், தள்ளியிருக்கும் ஊருக்குச் சில விநாடிகள் முன்னதாகத் தகவல் போகும்.

நாளும் நேரமும் குறித்து பூகம்பத்தை முன்கூட்டியே சொல்ல இன்றுவரை யாராலும் முடியாது. ஆனாலும், 'இன்று இரவு பெரிய பூகம்பம், நாசா அறிவிப்பு' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஃபார்வர்டு வரத்தான் செய்கிறது. கட்டிலை வாசலுக்கு இழுக்கக் கிளம்பும் தாத்தாவை உட்காரவைத்து, அந்தப் புள்ளி வரைபடத்தைத் திறந்து காட்டப் பேத்திக்கு ஒரு நிமிடம் போதும்.