விண்மீன் மண்டலங்களின் ரேடியோத் தாரைகள்

1953-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஜோட்ரல் பாங்க் ஆய்வுக்கூடத்தில் ஆர். சி. ஜெனிசனும் நம் நாட்டவரான மிருணாள் குமார் தாஸ் குப்தாவும் சிக்னஸ்-ஏ என்னும் ரேடியோ மூலத்தின் வடிவத்தை அளந்தனர். அலைகள் ஒரே இடத்திலிருந்து வரவில்லை; விலகி நிற்கும் இரு பகுதிகளிலிருந்து வந்தன. அவ்விரண்டுக்கும் நடுவில் விண்மீன் மண்டலம் ஒன்று இருப்பது பின்னர் தெளிவாயிற்று.

இதிலிருந்து ஒரு சிக்கல் எழுந்தது. ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் எலெக்ட்ரான்கள் காந்தப் புலத்தில் சுழலும்போது, தம் ஆற்றலை ரேடியோ அலைகளாக இழக்கின்றன. சிக்னஸ்-ஏயின் இரு மடல்களும் மையத்திலிருந்து ஓர் இலட்சம் ஒளியாண்டுகளுக்கும் அப்பால் நீண்டுள்ளன. என்றோ நிகழ்ந்த ஒரே வெடிப்பில் எறியப்பட்டவையானால், அந்த எலெக்ட்ரான்கள் வழியிலேயே வலுவிழந்திருக்க வேண்டும். கடைமடை காயாதிருப்பின் தலைமடையில் நீர் வந்துகொண்டிருக்கிறது என்பது உழவர் அறிந்ததே. மையத்திலிருந்து ஆற்றல் இடையறாது பாய்கிறது என்று பிளாண்ட்ஃபோர்டும் ரீஸும் 1974-இல் விளக்கினர். ஆனால், சிக்னஸ்-ஏயில் அந்தக் கால்வாய் கண்ணுக்குப் புலப்படப் பத்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் நியூ மெக்சிகோவிலுள்ள 27 கிண்ண அலைவாங்கிகளைக் கொண்டு எடுத்த படம் 1984-இல் வெளியாயிற்று. மையத்தையும் மடலையும் இணைக்கும் மெல்லிய தாரை அதில் தெரிந்தது.

தாரையின் தோற்றுவாய் மையத்திலுள்ள கருந்துளை என்பது இன்றைய கருத்து. எம்-87 மண்டலத்தின் கருந்துளை சூரியனைப் போல் ஏறத்தாழ 650 கோடி மடங்கு நிறையுடையது என 2019-இல் கணிக்கப்பட்டது. விழுங்கும் இயல்புடைய ஒன்று எவ்வாறு இத்துணை விசையுடன் பொருளை வெளியே பீச்சுகிறது என்பது இன்னும் முற்றிலும் விளங்கவில்லை.

தலைமடை அடைபட்டால் என்ன நேரும்? உயர் ஆற்றல் எலெக்ட்ரான்கள் முதலில் ஓய்வதால், உயர் அதிர்வெண்களில் மடல்கள் மங்கிவிடும். தாழ்ந்த அதிர்வெண்களில் மட்டும் நெடுங்காலம் தென்படும். அணைந்துபோன மண்டலங்களின் வரலாற்றை அறிய இவ்வலைகளே துணை. மகாராஷ்டிரத்தில் நாராயண்காவ் அருகே, 25 கிலோமீட்டர் பரப்பில் அமைந்த 30 அலைவாங்கிகள் இவற்றையே ஏற்கின்றன. ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ளது. பல கோடி ஆண்டுகள் பயணம் செய்து வரும் அலை மிக நலிந்தது. அருகிலுள்ள மின்கம்பியில் தோன்றும் சிறு பொறியும் அதனை மூழ்கடித்துவிடும். ஆகவே, சுற்றுப்புறத்தின் ரேடியோ அமைதியைக் காப்பது விஞ்ஞானிகளின் வேலை மட்டுமன்று. மின்வாரியப் பொறியாளரும் மாவட்ட நிர்வாகமும் அதில் பங்கு கொள்ள வேண்டியுள்ளது.