காலராவில் உயிரைப் பறிப்பது கிருமியா, நீரிழப்பா? உப்பு-சர்க்கரைத் தண்ணீர் கோடிக்கணக்கானோரைக் காப்பாற்றியது எப்படி?

"பேதியில போக..." கிராமத்துப் பக்கம் கோபம் தலைக்கேறினால் பெரியவர்கள் திட்டும் வார்த்தை இது. இன்று கேட்கச் சாதாரணமாகத் தெரியலாம். ஆனால், ஒரு காலத்தில் இது உண்மையான பயத்தில் இருந்து வந்த சாபம். காலையில் நன்றாக நடமாடிய ஆள், சாயங்காலத்துக்குள் வாந்திபேதியில் இறந்துபோவார். அடுத்த நாள் பக்கத்து வீடு, அதற்கடுத்த நாள் பக்கத்துத் தெரு. அந்த நோயின் பெயர்தான் காலரா.

இதெல்லாம் பழைய கதை என்று நினைத்துவிட வேண்டாம். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, இப்போதும் ஆண்டுதோறும் உலகில் 13 லட்சம் முதல் 40 லட்சம் பேர் காலராவால் பாதிக்கப்படுகிறார்கள். 21,000 முதல் 1,43,000 பேர் வரை உயிரிழக்கிறார்கள். அதே நேரத்தில், சரியான சிகிச்சை உடனே கிடைத்தால் 100 பேரில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை என்கிறது மருத்துவ உலகம்.

அப்படி என்ன சிகிச்சை அது? தண்ணீர், உப்பு, சர்க்கரை. நம்ப முடியவில்லையா? இதைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதன் பின்னணியில் நம் நாட்டு டாக்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

காலரா எப்படி வருகிறது?

காலராவை உண்டாக்குவது 'விப்ரியோ காலரே' என்ற பாக்டீரியா. பார்க்க ஒரு கமா போல வளைந்திருக்கும். கழிவுநீர் கலந்த குடிநீர், அந்தத் தண்ணீரில் கழுவிய காய்கறி, பழங்கள், சரியாக வேகாத மீன், நண்டு, இறால் ஆகியவை வழியாக வயிற்றுக்குள் போகிறது. உள்ளே போன 12 மணி நேரத்தில் இருந்து 5 நாளைக்குள் நோய் தெரியத் தொடங்கும்.

கிருமி உள்ளே போன எல்லோருக்கும் பேதி வந்துவிடாது. பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் இருக்காது, அல்லது லேசான வயிற்றுப்போக்கோடு நின்றுவிடும். ஆனாலும் அவர்களின் மலத்தில் 1 முதல் 10 நாள் வரை கிருமி வெளியேறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஊருக்குள் காலரா பரவுவது முதலில் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

தீவிர பாதிப்பு வந்தால் நிலைமையே வேறு. அரிசி களைந்த தண்ணீர் போல வெளுப்பாக, அடக்க முடியாமல் பேதி போகும். ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரைகூட உடம்பில் இருந்து தண்ணீர் வெளியேறலாம். கண் உள்ளே போய்விடும், தோல் சுருங்கும், நாடித்துடிப்பு பலவீனமாகும். கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் உயிரே போய்விடும்.

கிருமியைப் பார்த்தார்கள், ஆனால் புதிர் தீரவில்லை!

1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, பிராட் தெருவில் இருந்த ஒரு அடிபம்புதான் காரணம் என்று மருத்துவர் ஜான் ஸ்னோ கண்டறிந்தார். கெட்ட காற்றால் நோய் வருகிறது என்று பலர் நம்பிய காலம் அது. அதே ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாசினி என்பவர் மைக்ராஸ்கோப்பில் இந்தக் கிருமியைப் பார்த்துவிட்டார். யாரும் கண்டுகொள்ளவில்லை.

கொல்கத்தாவுக்கு வந்த ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக், 1884-ல் நோயாளிகளின் குடலில் இருந்து கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். இந்தக் கிருமி ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். ஆனால் அதை அவரால் நிரூபிக்க முடியவில்லை.

இங்கேதான் பெரிய கேள்வி. காலரா கிருமி ரத்தத்துக்குள் போவதில்லை. குடல் சுவரைத் துளைத்து உள்ளே நுழைவதும் இல்லை. மேலேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறது, அவ்வளவுதான். அப்புறம் எப்படி ஒரு மனிதனை சில மணி நேரத்தில் கொல்கிறது? அடுத்த 75 ஆண்டுகளுக்கு இதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை.

கொல்கத்தா டாக்டர் செய்த முயல் பரிசோதனை

பதிலைக் கண்டுபிடித்தவர் கொல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் சம்புநாத் டே. வசதி குறைவான ஆய்வுக்கூடத்தில் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். நடுவில் காலரா கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தப் பகுதி மட்டும் தண்ணீர் நிரம்பி பலூன் போல உப்பியிருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் திருப்புமுனை. கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, அதில் ஒரு கிருமிகூட இல்லாமல் செய்தார். அந்த வெறும் திரவத்தை முயல் குடலில் செலுத்தினார். அப்போதும் குடல் தண்ணீரால் நிரம்பியது! அப்படியென்றால் வேலையைக் காட்டுவது கிருமி வெளியே சுரக்கும் ஒரு நச்சு. 1959-ல் 'நேச்சர்' இதழில் இந்த ஆய்வு வெளியானது.

உலகமே கொண்டாட வேண்டிய கண்டுபிடிப்பு. ஆனால் டேவின் பெயர் இன்றுகூட நம்மில் பலருக்குத் தெரியாது. நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க், டேவுக்கு நோபல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தார். கிடைக்கவில்லை. 1985-ல் டே காலமானார்.

குடலுக்குள் என்னதான் நடக்கிறது?

சிறுகுடலின் செல்களை ஒரு குழாய் என்று வைத்துக்கொள்வோம். தேவைப்படும்போது திறந்து கொஞ்சம் உப்பையும் தண்ணீரையும் விடும், பிறகு மூடிக்கொள்ளும். காலரா நச்சு உள்ளே போய் இந்தக் குழாயை மூட முடியாதபடி செய்துவிடுகிறது. செல்லில் இருந்து குளோரைடு உப்பு நிற்காமல் குடலுக்குள் வெளியேறும். உப்பு போகும் இடத்துக்கெல்லாம் தண்ணீரும் பின்னாலேயே போகும். ரத்தத்தில் இருக்கும் தண்ணீர் குடலுக்கு வந்து, பேதியாக வெளியேறுகிறது.

ஆக, காலராவில் உயிர் போவதற்கு நேரடிக் காரணம் நீரிழப்பு. போன தண்ணீரையும் உப்பையும் அதே வேகத்தில் திருப்பிக் கொடுத்தால் நோயாளி பிழைத்துக்கொள்வார். கிருமி சில நாட்களில் தானாகவே வெளியேறிவிடும்.

சரி, அப்படியானால் வெறும் தண்ணீர் கொடுத்தால் போதுமா? போதாது. வெறும் தண்ணீர் உடம்பில் சரியாகச் சேராது, போன உப்பும் திரும்ப வராது. ஆனால் குடலில் இன்னொரு வழி இருக்கிறது. குளுக்கோஸும் சோடியம் உப்பும் ஒன்றாக வந்தால் மட்டுமே திறக்கும் கதவு அது. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இதை விளக்கினார். ஒன்று தனியாக வந்தால் கதவு திறக்காது. ஜோடியாக வந்தால் இரண்டையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், கூடவே தண்ணீரும் போகும். காலரா நச்சு இந்தக் கதவைத் தொடுவதே இல்லை!

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு அமெரிக்க இளம் மருத்துவர்கள் இதை காலரா நோயாளிகளிடம் சோதித்தார்கள். வாய் வழியாகக் கொடுத்த உப்பு-குளுக்கோஸ் கரைசலால், நரம்பில் ஏற்ற வேண்டிய டிரிப்ஸின் தேவை பெருமளவு குறைந்தது. அதுதான் இன்று நாம் சொல்லும் ஓஆர்எஸ்.

1971: டிரிப்ஸ் தீர்ந்துபோன நாள்

இருந்தாலும், ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்காணிப்பில்தான் இதைக் கொடுக்க முடியும் என்று பலர் நினைத்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு போர்.

1971 வங்கதேச விடுதலைப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் இந்திய எல்லைக்குள் வந்தார்கள். முகாம்களில் காலரா வெடித்தது. மேற்கு வங்கத்தின் பன்கான் என்ற எல்லை ஊரில் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார் டாக்டர் திலீப் மஹலனாபிஸ். நோயாளிகள் தரையில் படுத்துக் கிடந்தார்கள். டிரிப்ஸ் பாட்டில்கள் தீர்ந்துகொண்டே வந்தன.

அவர் ஒரு துணிச்சலான முடிவு எடுத்தார். உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் அளந்து பாக்கெட் போட்டு, டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் அம்மா, அண்ணன், தங்கை என உறவினர்களே டம்ளரில் பிடித்துப் போய் ஊட்டினார்கள். முகாம்களில் சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம், இந்தக் கரைசல் கொடுத்தவர்களிடம் 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம் என்று 1978-ல் 'லான்செட்' மருத்துவ இதழ் எழுதியது. மஹலனாபிஸ் 2022-ல் காலமானார். மறுஆண்டு அவருக்கு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

மருந்து இருந்தும் காலரா ஏன் ஒழியவில்லை?

ஓஆர்எஸ் உயிரைக் காப்பாற்றும், ஆனால் நோய் பரவுவதைத் தடுக்காது. குடிநீர்க் குழாயும் சாக்கடையும் கலக்கும் இடமெல்லாம் காலராவுக்கு வாசல்தான். 1961-ல் இந்தோனேசியாவின் சுலாவேசி தீவில் தொடங்கிய ஏழாவது காலரா பெருந்தொற்று இன்னும் முடியவில்லை.

கிருமியும் மாறிக்கொண்டே இருக்கிறது. 1992-ல் அதுவரை உலகம் பார்க்காத 'ஓ139' என்ற புதிய வகை காலரா கிருமி முதலில் தென்பட்டது எங்கே தெரியுமா? நம்ம சென்னையில்தான். பழைய வகைக்கு எதிராக உடம்பில் இருந்த எதிர்ப்பு சக்தி இதனிடம் செல்லவில்லை. கொல்கத்தா, வங்கதேசம் வரை வேகமாகப் பரவி, பின்னர் அடங்கியது. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

தடுப்பு மருந்து இல்லையா? இருக்கிறது, வாய் வழியாகவே கொடுக்கலாம். ஆனால் உலக அளவில் கையிருப்பு போதவில்லை. 2022 அக்டோபரில், நோய் பரவும் நாடுகளில் 2 டோஸுக்குப் பதிலாக ஒரே டோஸ் கொடுக்கும் நிலை வந்தது. எத்தனை டோஸ் வந்தாலும், சுத்தமான குடிநீரும் கழிப்பிட வசதியும்தான் நிரந்தரத் தீர்வு.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

"பேதியாகும்போது தண்ணி கொடுக்காதே, இன்னும் அதிகமாகும்" என்ற பேச்சைப் பல வீடுகளில் கேட்கலாம். இது ஆபத்தான தவறு. எல்லா வயிற்றுப்போக்கும் காலரா கிடையாது. ஆனால் தண்ணீராகப் போகும் எந்தப் பேதிக்கும் முதல் உதவி ஒன்றுதான்: இழந்த நீரை ஈடுசெய்வது.

* ஓஆர்எஸ் பாக்கெட்டை, அதில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட், குத்துமதிப்பான தண்ணீர் என்ற கணக்கெல்லாம் கூடாது.

* பாக்கெட் இல்லையா? கொதிக்க வைத்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டி அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து, சர்க்கரை கூடினால் பேதி அதிகமாகும்.

* ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குக் குடிக்க முடிந்த அளவு. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம்.

* கரைத்த கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

* தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்கு துத்தநாக மருந்து (ஜிங்க்) எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக் கொடுக்கலாம்.

* கடையில் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். உலக சுகாதார அமைப்பு சொன்ன அளவில் இல்லாத இனிப்பு பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ உத்தரவிட்டது. ஜூஸும் கூல்டிரிங்க்ஸும் ஓஆர்எஸ் ஆகாது.

* நீங்களாக மெடிக்கலில் ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்க வேண்டாம். தீவிர காலராவுக்கு அது தேவையா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

கண் குழி விழுந்தால், சிறுநீர் போவது நின்றால், அழும் குழந்தைக்குக் கண்ணீர் வராமல் இருந்தால், குடிக்க முடியாமல் சோர்ந்து போனால், மலத்தில் ரத்தம் வந்தால், அரிசி களைந்த தண்ணீர் போல நிற்காமல் பேதி போனால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அந்த நிலையில் டிரிப்ஸ்தான் உயிரைக் காக்கும். ஆனால் ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை, குடிக்கும் நிலையில் இருந்தால் வழியெல்லாம் ஓஆர்எஸ் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பன்கான் முகாமில் உறவினர்கள் டம்ளரோடு செய்த அதே வேலைதான் இது.