புள்ளி வைத்தால் ஓடிவிடும் கோப்பு

சர்வர்களைப் பராமரிப்பவர்கள் எழுதும் ஷெல் ஸ்கிரிப்டுகளில், தொடக்க வரிகளிலேயே ஒரு புள்ளி கண்ணில் படும். புள்ளி, ஓர் இடைவெளி, அடுத்து ஒரு கோப்பின் பெயர். போர்ட் எண் என்ன, பேக்கப் எந்த ஃபோல்டருக்குப் போக வேண்டும், டேட்டாபேஸ் எந்த மெஷினில் இருக்கிறது என்பதையெல்லாம் தனியாக ஓர் அமைவுக் கோப்பில் எழுதி வைத்து, இந்தப் புள்ளியால் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் போர்ன் எழுதி, 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லிலேயே இந்த வசதி உண்டு. பாஷ் ஷெல்லில் 'சோர்ஸ்' என்றும் எழுதலாம்.

ஒரே வரியில் வேலை முடிந்துவிடுகிறது. அதனாலேயே பலரும் கவனிக்கத் தவறும் விஷயம், ஷெல் அந்தக் கோப்பை இன்னொரு ஸ்கிரிப்டாக எண்ணி வரிக்கு வரி இயக்குகிறது என்பது. கோப்பில் 'டைட்டில்=சென்னை சென்ட்ரல்' என்று மேற்கோள்குறி இல்லாமல் எழுதிப் பாருங்கள். 'சென்ட்ரல்' என்ற கட்டளையை ஷெல் தேடத் தொடங்கும். 'சென்னை' என்ற மதிப்போ அந்தக் கட்டளைக்கு மட்டும்தான். ஸ்கிரிப்டுக்கு வந்து சேராது. சமக்குறிக்கு இருபுறமும் இடம் விட்டு 'போர்ட் = 8080' என்று எழுதினால், 'போர்ட்' என்று ஒரு கட்டளையே இல்லை என்று பிழை காட்டும்.

பிழை காட்டினால் பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். மதிப்புக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி போட்டு, ஃபோல்டரை அழிக்கும் கட்டளையை யாராவது எழுதி வைத்திருந்தால் அதுவும் சத்தமில்லாமல் ஓடிவிடும். அதுவும் ஸ்கிரிப்டை இயக்குபவரின் முழு அதிகாரத்தோடு. பேக்கப் ஸ்கிரிப்டுகள் பல ரூட் அதிகாரத்தில் ஓடுபவை என்பதை நினைத்தால் இதன் வீரியம் புரியும்.

தகவலாக வந்தது கட்டளையாக ஓடிவிடும் இதே ஆபத்தை, 2014 செப்டம்பரில் வெளியான 'ஷெல்ஷாக்' ஓட்டை உலகுக்கே காட்டியது. கண்டுபிடித்தவர் ஸ்டெஃபான் ஷாஸலாஸ். சூழல் மாறியில் ஒரு ஃபங்ஷன் வந்தால், பாஷ் அதை ஏற்பதோடு நிற்காமல் அதன் வாலில் ஒட்டியிருந்த கட்டளைகளையும் இயக்கியது. சில வெப் சர்வர்கள் வெளியாட்கள் அனுப்பும் கோரிக்கையின் விவரங்களைச் சூழல் மாறிகளில் போட்டு ஸ்கிரிப்டுக்குக் கொடுப்பவை. எனவே எங்கோ இருப்பவர்கூட அந்த மெஷினில் கட்டளை ஓட்ட முடிந்தது. 1989 முதலே இருந்த ஓட்டை அது.

பிறர் தொடக்கூடிய கோப்பு என்றால், புள்ளியை விட்டுவிட்டு 'ரீட்' கட்டளையால் வரிவரியாகப் படிப்பதே சரி என்பேன். கூடவே 'மைனஸ் ஆர்' போட வேண்டும். இல்லாவிட்டால் பின்சாய்கோடுகளை ரீட் விழுங்கிவிடும். வரியை முதல் சமக்குறியில் மட்டும் வெட்ட வேண்டும். பாஸ்வேர்டுக்குள்ளும் சமக்குறி இருக்கலாம் அல்லவா? பிறகு, நமக்குத் தெரிந்த பெயர்களை மட்டும் 'கேஸ்' வைத்து ஏற்றுக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடலாம். கடைசி வரியின் முடிவில் என்டர் தட்டாமல் விட்டிருந்தால், ரீட் அதைப் படித்தும் தோல்வி என்றே சொல்லும். சுழற்சி அந்த வரியைக் கையாளாமலே நின்றுவிடும். அதற்குத் தனியாக ஒரு நிபந்தனை வேண்டும்.

இன்னொரு தொல்லை, விண்டோஸில் திருத்திய கோப்பு. அங்கே வரி முடிவில் இரண்டு குறிகள், லினக்ஸில் ஒன்றுதான். கூடுதலான அந்தக் குறி 8080-இன் வாலில் ஒட்டிக்கொள்ளும். திரையில் 8080 என்றே தெரியும், ஒப்பிட்டால் பொருந்தாது. பிழைச்செய்தியில் அகப்பட்டால் கர்சரை வரியின் தொடக்கத்துக்கே தள்ளி, செய்தியின் பின்பாதியை முன்பாதியின் மேலேயே எழுதவைக்கும். அப்படிச் சிதைந்த செய்தியைப் பார்த்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புள்ளிக்கும் ஏற்ற இடம் உண்டு. லினக்ஸில் ஈடிசி ஃபோல்டரில் உள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' கோப்பில் சிஸ்டத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் ஷெல் நடையிலேயே இருக்கும். ரூட் மட்டுமே எழுதக்கூடிய கோப்பு என்பதால் ஸ்கிரிப்ட் அதைத் தயங்காமல் உள்ளே இழுக்கலாம். ஒரு மாறிக்குள் இன்னொரு மாறியைச் செருகக் கூடாது என்பது அதன் விதி. அதனால் பைத்தானிலோ சி மொழியிலோ எழுதிய நிரல்களும் ஷெல்லின் துணையில்லாமலே அதைப் படித்துக்கொள்கின்றன.